டப்பா அடுப்பு

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பாய் அளவுக்குத்தான் விழுந்திருந்தது. அதற்குள் நாற்காலியைப் போட்டு, மடியில் காலாண்டு விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு, தையல்நாயகி தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பலவாணன் கைலியை மடித்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலி டப்பா இரண்டை வைத்து அடுப்பு செய்துகொண்டிருந்தார். விளையாட்டு அடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது, எரிகிற அடுப்பு. டப்பாவின் அடிப்பாகத்தை மூன்று விரற்கடை உயரத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசித்துளை போட்டு, நடுவில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் பூப்போல எரியுமாம், ஏழு நிமிடத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்துவிடுமாம். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் மார்பு வரை தாடி வைத்த ஒருவன் இதைச் செய்து காட்டுகிற வீடியோ, மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பேசுவதில் ஒரு வார்த்தை இவருக்குப் புரியவில்லை. ஆனால் அவன் தலையாட்டும்போதெல்லாம் இவரும் தலையாட்டினார். அடுத்த மாதம் இவருடைய நடைப்பயிற்சிக் கோஷ்டி வைரக்கண்ணு தலைமையில் கொல்லிமலை ஏறப்போகிறது. ஏழு பேர். அதில் நான்கு பேருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு முட்டி மாற்றி வைத்திருக்கிறது. பாதி மலையில் எல்லோரையும் உட்காரவைத்து, கையால் செய்த அடுப்பில் காப்பி போட்டுக் கொடுத்து, அவர்கள் ஆகா என்பதை இவர் கேட்க வேண்டும். மலைக்கு மேலே பஸ் போகிறது, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை இருக்கிறது என்பதை யாரும் இவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்த டப்பாவுக்காக அவர் பட்ட பாடு தனிக்கதை. குளிர்பான டப்பா மெலிசு, வெட்டினால் கிழிகிறது, பீர் டப்பாதான் சரி என்று எங்கோ கேள்விப்பட்டு, வாழ்நாளில் பீர் வாசனை அறியாத மனிதர் துணிப்பையோடு காலை ஆறு மணிக்கு ஒயின்ஷாப் பின்பக்கம் போய்ப் பொறுக்கியிருக்கிறார். வங்கியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் மாடி சகாயமேரி அதைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சார் பையோட அந்தப் பக்கம் போறதப் பார்த்தேன். வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். நாயகி, "ஆமா மேரி, ரொம்ப நாளா," என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

ரொம்ப நாளா என்று வாயில் வந்துவிட்டது. எத்தனை நாளாக என்று அதற்குப் பிறகுதான் யோசித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். தேனீப் பெட்டியிலிருந்தா? இதே மாடியில், இதோ இந்தக் கைப்பிடிச் சுவரோரம்தான் அது இருந்தது. குடியிருப்புச் சங்கம் கூட்டம் போட்டு எடுக்கச் சொன்னபோது, தேனீ கொட்டினால் மூட்டுவலிக்கு நல்லது என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசினார். முந்தானையைப் போர்த்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த அவள் காதெல்லாம் சூடாகியது. இல்லை, தேனீக்கு முன்பே காளான். மகன் கபிலன் ஹாஸ்டலுக்குப் போன மறுவாரமே அவன் கட்டிலுக்குக் கீழே வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டு, இருட்டாக இருக்க வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும் என்று அந்த அறைக்குள் இரண்டு மாதம் யாரையும் விடவில்லை. கடைசியில் முளைத்தது எதுவோ, அது காளான் இல்லை. காளானுக்கும் முன்னால் புல்லாங்குழல். புல்லாங்குழலை நினைக்க வேண்டாம். அவள் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தாள், எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாள். மாமியார் வீட்டுச் சமையலறை. குக்கர் விசில் அடிக்கிறது. அம்பலவாணன் வந்து நின்று, அது ஏன் விசில் அடிக்கிறது என்று அவளுக்கு விளக்கினார். ஆவி என்றால் என்ன, அழுத்தம் என்றால் என்ன, எடை எதற்கு. அவள் வேதியியலில் எம்.எஸ்ஸி., பல்கலைக்கழகத்தில் மூன்றாவதாக வந்தவள். அது அவருக்கும் தெரியும், கல்யாணப் பத்திரிகையிலேயே பேருக்குப் பின்னால் அச்சடித்திருந்தார்கள். அவள் அன்றைக்குச் சிரித்தாள். அப்படியா என்று கேட்டாள். அந்த அப்படியாதான் தப்பு. அன்றைக்கே, எனக்குத் தெரியும் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்கும். சொல்லாததால் அவர் விளக்கிக்கொண்டே இருந்தார், அவள் அப்படியா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போதோ ஒரு நாள் அந்த அப்படியாவுக்குள் இருந்த மரியாதை வடிந்து போய் வெறும் இளக்காரம் மட்டும் நின்றது. அவருக்கு அந்த வித்தியாசம் இன்றுவரை தெரியவில்லை. தெரியாதவரை எப்படி மதிப்பது. மதிக்க முடியவில்லை என்பதற்காக ஒரு மனிதரை விட்டுப் போகலாமா என்றால், அடித்தார், குடித்தார் என்று சொன்னால் ஊர் கேட்கும், டப்பாவில் அடுப்பு செய்தார் என்றால் சிரிக்கும்.

"நாயகி, இங்க பாரேன், எவ்வளவு வழவழன்னு வந்திருக்கு," என்றார் அவர். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலில் காலையில் கிழித்துக்கொண்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கியது. "ம்," என்றாள். அந்த ம்முக்கு அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் விடைத்தாளைப் புரட்டினாள். பதினேழாவது தாளுக்கும் பதினெட்டாவது தாளுக்கும் நடுவில் அந்த ஆணை இருந்தது. தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி, புதன்கிழமைக்குள் சேர வேண்டும். இன்றைக்கு ஞாயிறு. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு இரண்டு விதம் வைத்திருந்தாள். எனக்குத் தேன்கனிக்கோட்டை போட்டுட்டாங்க என்பது ஒன்று. அதைச் சொன்னால் வேலை சுலபம். அவர் வருத்தப்படுவார், மேலிடத்தைத் திட்டுவார், அவளுக்கு ஆறுதல் சொல்வார், தானும் கூட வருவதாகச் சொல்வார். அந்தக் கடைசி விஷயம்தான் ஆபத்து. அங்கே குளிர், அங்கே ஸ்ட்ராபெரி போடலாம் என்று ஆரம்பித்துவிடுவார். இன்னொன்று உண்மை. அதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கலந்தாய்வுக்குப் போனதைப் பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் முறை வந்தபோது திரையில் காலியிடங்கள் வரிசையாக இருந்தன. மேலே மூன்றாவது லால்குடி. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சுட்டியைப் பிடித்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், முகவரியைப் பார்த்துவிட்டு அவளாகவே லால்குடி மேல் கொண்டுபோய் நிறுத்தி, "மேடம், உங்களுக்கு லாட்டரிதான்," என்றாள். நாயகி, "அது வேண்டாம்மா, கீழ போ," என்றாள். அந்தப் பெண் கீழே போனாள். இன்னும் கீழே என்றாள். பட்டியல் முடிகிற இடத்தில் தேன்கனிக்கோட்டை இருந்தது. "இதுவா மேடம்? அங்க குளிருமே," என்று அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோது, அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. குளிரட்டும். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு டம்ளர், கதவைச் சாத்தினால் சாத்தியபடி இருக்கும், யாரும் எதையும் விளக்க மாட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அதற்காக அப்படி ஆசைப்படுவாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மட்டும் பயமாக இருந்தது. ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்ற பயம் வந்தது, அதற்கு அடுத்தபடியாக, நெஞ்சு வலிக்கும்போதும் அம்பலவாணன் நெஞ்சு ஏன் வலிக்கிறது என்று விளக்குவார் என்று தோன்றியது. அதோடு பயம் போய்விட்டது.

அவர் இப்போது துளை போடும் கட்டத்துக்கு வந்திருந்தார். அதற்கு அவளுடைய கவராயத்தை எடுத்திருந்தார். கேட்டு எடுக்கவில்லை. கரும்பலகைக்கு அல்ல, வீட்டில் கேள்வித்தாளுக்குப் படம் வரைய அவள் வைத்திருக்கும் பித்தளைக் கவராயம், கல்லூரிக் காலத்திலிருந்து முனை மழுங்காமல் வைத்திருந்தது. அதை டப்பாவின் விளிம்பில் வைத்துச் செங்கல் துண்டால் தட்டினார். டொக், டொக். ஒவ்வொரு டொக்குக்கும் அவள் பல்லைக் கடித்தாள். இருபத்து நான்கு துளை. எண்ணிக்கொண்டே போட்டார், பதினாறில் மறந்து முதலிலிருந்து எண்ணினார். கவராயத்தை விட அவளுக்கு வேறொன்று உறுத்தியது. உள்ளங்கை அகல ஸ்பிரிட் அடுப்பு பற்றி மூன்று நாளாக ஊரைக் கேட்கிறார். பெயிண்ட் கடைக்காரனைக் கேட்டார், நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவனைக் கேட்டார், வைரக்கண்ணுவைக் கேட்டார், தாடிக்காரனை நாற்பது தடவை கேட்டார். ஒரே கூரைக்குக் கீழே, இருபத்தெட்டு வருடமாகச் சாராய விளக்கை வைத்துப் பிழைக்கிற ஒருத்தி இருக்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டுமென்று கேட்காமல் இருக்கிறார் என்றால்கூட அதில் ஒரு ரோஷம் இருக்கும். இவருக்கு அது ஞாபகமே வரவில்லை. பெண்டாட்டி ஸ்கூலுக்குப் போகிறாள், வருகிறாள். அங்கே என்ன செய்கிறாள் என்பது, சகாயமேரி வீட்டுக்காரர் துபாயில் என்ன செய்கிறார் என்பதைப் போல, அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லாத ஒன்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆய்வகத்தில் கிழக்கு ஜன்னல் மூன்றுக்கும் கறுப்புத்தாள் ஒட்டியிருப்பது ஏன் என்று சொல்லியிருப்பாள். ஒட்டச் சொன்னதே அவள்தான். இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வருடம், காலை முதல் பீரியடு, வெயில் மேஜை மேல் நேராக அடிக்கிறது. ஒரு பெண் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைந்துவிட்டது என்று நினைத்து, அதற்கு மேலாகக் கையை நீட்டி அடுத்த மேஜையிலிருந்து சோதனைக் குழாயை எடுக்கப் போனாள். தாவணித் தலைப்பு விளக்கின் மேல். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெண் பெயர்கூட நாயகிக்கு அப்போது தெரியாது, புது வகுப்பு. மூன்று ஸ்டூலைத் தாண்டி எப்படிப் போனாள் என்றும் தெரியாது, போய்த் தாவணியைப் பிடித்து இழுத்து மிதித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் ஒரு வாரம் கொப்புளம் இருந்தது. அதை வீட்டில் வந்து சொன்னபோது, செருப்புப் போட்டிருக்க வேண்டும் என்று அம்பலவாணன் சொன்னார்.

"ஆச்சு," என்றார் அவர். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி அழுத்தினார். மூன்று தடவை கிழிந்த வேலை நான்காவது தடவை கிழியாமல் உட்கார்ந்தது. டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் பெண்ணைக் கூட்டி வந்து நிறுத்துகிற மாதிரி, தரையில் ஒரு செங்கலைத் துடைத்து அதன் மேல் அதை வைத்தார். அதற்கு அப்பால், பாத்திரத்தை அடுப்புக்கு மேலே தூக்கிவைக்க மூன்று ஆணி, பால் காய்ச்சுகிற சின்னப் பாத்திரம், காப்பித்தூள், சர்க்கரை, டபரா செட் இரண்டு, எல்லாம் வரிசையாக. காப்பி என்றால் அவருக்கு ஆற்றுகிற விஷயம்தான். சொந்தத்தில் அதற்குப் பேர் வாங்கியவர். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, இடது கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றுவார். பார்க்க ஆள் இருந்தால் கை இன்னும் ஒரு சாண் மேலே போகும். காப்பி மட்டும் என்றில்லை, மோர், மருந்து, செடிக்குத் தண்ணீர், ஸ்கூட்டருக்கு ஆயில், எதை ஊற்றினாலும் நின்றுகொண்டு மேலேயிருந்துதான். அவருடைய அப்பாவும் அப்படித்தான் ஊற்றுவாராம், சொல்லும்போதே நெஞ்சு நிமிரும். ஒரு பரம்பரை இரண்டு தலைமுறையாகச் சேர்த்துவைத்த பெருமை அவ்வளவுதானா என்று அவள் ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். இப்போது தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைத்திருந்த ஸ்பிரிட்டை, முதல் தடவை என்பதால் பயந்து பயந்து, மூடியில் அளந்து அரை மூடி டப்பாவுக்குள் விட்டார். பாட்டிலை மூடினார். கேஸ் லைட்டரை நீட்டி டக், டக் என்று அழுத்தினார். குனிந்து பார்த்தார். மறுபடியும் டக். ஒன்றும் இல்லை. "என்னடா இது," என்றார் டப்பாவிடம். தலைக்கு மேலே சூரியன், தரையெல்லாம் வெள்ளை அடித்தது போல் கண் கூசியது. அவள் இருந்த நிழலிலிருந்து பார்த்தபோது டப்பாவுக்கு நேர் பின்னால் கைப்பிடிச் சுவரில் சங்கத்துக்காரர்கள் இழுத்த பச்சைப் பட்டை தெரிந்தது. அந்தப் பட்டை டப்பாவுக்கு மேலே மட்டும் நெளிந்தது. தண்ணீருக்குள் கிடக்கிற கயிறு போல லேசாக, விடாமல் நெளிந்துகொண்டிருந்தது. எரிகிறது. நன்றாகவே எரிகிறது, இருபத்து நான்கு துளையிலும் எரிகிறது, தாடிக்காரன் சொன்னபடியே. அவர் செய்த ஒரு காரியம் சரியாக வந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"பத்தலை பாரு. வெயில்ல ஆவியாப் போயிருச்சு," என்று அவர் விளக்கினார். ஆவி என்ற வார்த்தை வந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று குறுக்கே விழுந்து கதவைச் சாத்திக்கொண்டது. அவர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். பக்கத்தில் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே எழுந்து நின்றார். சொல்லு என்று அவள் தனக்குள் சொன்னாள். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வாயில் எச்சில் இருந்தது, நாக்கு ஒட்டவில்லை, தொண்டை அடைக்கவில்லை, பேச முடியாமல் போனதாகப் பின்னால் ஒருநாள் அவள் சொல்லிக்கொள்ள முடியாது. பேச முடிந்தது, பேசவில்லை. அதற்குப் பதிலாக மனசுக்குள் ஒரு சொல் வந்து உட்கார்ந்திருந்தது. படட்டும். யாரோ சொன்னது போல் இல்லை, அவள் குரலில்தான், வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிற அதே குரலில். படட்டும், பட்டால்தான் தெரியும். அதன் பின்னால் இன்னொரு மனசு கணக்குப் போடுகிற பிள்ளையாக உட்கார்ந்து, படிப்படியாக எழுதிக்கொண்டிருந்தது. தோள் உயரத்திலிருந்து தாரை விழும், அதன் நுனி தீயில் படும், தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், விழுகிற வேகத்தை விட ஏறுகிற வேகம் அதிகம், பாட்டிலுக்குள் பாதி காலி, அந்தக் காலியில் ஆவி, பிறகு கை, பிறகு முகம். சரியான விடை, முழு மதிப்பெண். அவர் கை தோளைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. பாட்டிலின் வாய் சாய்ந்தது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, அதில் போன தீபாவளிக்கு அவளே எடுத்துக் கொடுத்த கட்டம். பெயர் தெரியாத பெண்ணுக்காக மூன்று ஸ்டூலைத் தாண்டிய கால் நாற்காலிக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாக அப்படியே இருந்தது. அதை அவள் பார்த்தாள். தன் காலைத் தானே, வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். அப்போதுதான் பயம் வந்தது. அவருக்காக வந்த பயம் இல்லை அது. இந்தக் காலை உடையவள் யார் என்று வந்த பயம்.

"ஊத்தாதீங்க."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் நின்றுவிட்டார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லவில்லை, அந்த வார்த்தை காதில் விழுந்த இடத்திலேயே கை நின்று பாட்டில் நிமிர்ந்தது. ஆனால் பாட்டிலின் வாயில் திரண்டிருந்த ஸ்பிரிட் கொஞ்சம் விழுந்துவிட்டது. புஸ் என்று ஒரு சத்தம். தீ நெஞ்சு உயரத்துக்கு மஞ்சளாக எழும்பி, அவர் முழங்கையை ஒரு தடவை தொட்டுவிட்டு, உடனே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மயிர் பொசுங்குகிற நாற்றம் நிழல் வரைக்கும் வந்தது.

"எரியுதுங்க. முன்னாடியிலேருந்தே எரியுது. வெயில்ல தெரியாது," என்றாள்.

அவர் நம்பாதது போல, காப்பித்தூள் பொட்டலத்தின் மேல் காகிதத்தைக் கிழித்து டப்பாவுக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் நீட்டினார். காகிதம் கறுத்து, சுருண்டு, பற்றிக்கொண்டது. கீழே போட்டு மிதித்தார். பாட்டிலை இறுக மூடினார், தீயிலிருந்து தூரமாக இருக்க வேண்டும் என்று அதைக் கொண்டுவந்து, வெயில் படாத ஒரே இடமான அவள் நாற்காலிக் காலடியில் வைத்தார். திரும்பிப் போய்ப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து அடுப்பை மூடினார். எல்லாவற்றையும் நிதானமாக, சரியாகச் செய்தார். இத்தனை ஒழுங்காக அவர் ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே சிவந்து, நரைத்த மயிரெல்லாம் சுருண்டு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு வந்து அவள் எதிரில் நின்றார்.

"நீ எப்ப பார்த்த?"

இப்பத்தான் என்று சொன்னால் முடிந்தது. நம்பிவிடுவார். நம்புவது மட்டுமா, கொல்லிமலை ஏறும் வழியெல்லாம், முட்டி மாற்றியவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நிறுத்தி, நாயகி மட்டும் அன்னைக்கு இல்லேன்னா என்று ஆரம்பிப்பார். வைரக்கண்ணு வீட்டில் அவளுக்கு மாலை போடாத குறையாக உபசாரம் நடக்கும். அதை நினைத்தபோது அவளுக்கு இளக்காரமாக இருந்தது. அவரைப் பற்றி அல்ல, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இளக்காரம் திரும்பி அவள் பக்கம் நின்றது, அது இப்படித்தான் இருக்குமா என்று இருந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளிடம், கண்ணால் பார்த்ததை எழுது, வர வேண்டிய விடையை எழுதாதே என்று சொல்கிறவள்.

"நீங்க மூடியத் தெறக்கறதுக்கு முன்னாடியே."

"மூடியத் தெறக்கறதுக்கு முன்னாடி," என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மூடியைத் திறந்தது, எழுந்தது, நின்றது, கையைத் தூக்கியது எல்லாம் அவர் கண்ணுக்குள் திரும்ப ஓடுவது அவளுக்குத் தெரிந்தது. கீழே தெருவில் கோலமாவுக்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போனார். அவர் குரல் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"லால்குடி இன்னும் காலியாத்தான் இருக்குன்னு வைரக்கண்ணு சொன்னாரு," என்றார் அம்பலவாணன்.

விடைத்தாள் கட்டின் நூலை அவள் விரலில் சுற்றியிருந்தாள். அது இறுகியது.

"பத்து நாளாத் தெரியும் எனக்கு. அவரு வீட்டம்மாவும் அன்னைக்குக் கலந்தாய்வுக்கு வந்திருந்தாங்களாம். உனக்குத் தேன்கனிக்கோட்டை போட்டுட்டாங்கன்னு வந்து சொல்லியிருக்காங்க. பக்கத்துல எடம் இருக்கையில எப்படிப் போடலாம், என்னமோ தப்பு நடந்திருக்குன்னு நான் நெனச்சேன். நீ மனசு கஷ்டத்துல சொல்லாம இருக்கேன்னு நெனச்சேன்." கையைத் தடவிக்கொண்டார். "மாத்திட்டு அப்புறமா உங்கிட்டச் சொல்லலாம்னு இருந்தோம். நாளைக்கு மனு குடுக்கணும். ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன்."

ரெண்டு பக்கம். அவருடைய உருண்டை உருண்டையான கையெழுத்தில், மேற்படி ஆசிரியை, மேற்படி ஆசிரியை என்று வரிக்கு வரி வரும். இருபத்தெட்டு வருடப் பணி, மாசற்ற சேவை, முதிய கணவர், என்றெல்லாம் எழுதியிருப்பார். சிரிக்க வேண்டிய விஷயம்தான், அரை மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள். இந்த ஒரு காரியம் பலித்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வாரம் அவள் லால்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள், அவர் ஜெயித்திருப்பார். அவமானமாக இருந்தது அவளுக்கு. யாரால் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மனு குடுக்க வேண்டாம். நானாத்தான் எடுத்தேன்."

"அதான் இப்பத் தெரிஞ்சுதே," என்றார்.

கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குச் சொல்ல அவளிடம் இருபத்தாறு வருடச் சரக்கு இருந்தது. அவர் முகம் வெயிலில் நின்று வேர்த்த ஒரு கிழவரின் முகமாக இருந்தது. எப்போது இவ்வளவு வயதானார் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டு பச்சைப் பட்டையைப் பார்த்தார், இப்போது அது நெளியவில்லை.

"புதன்கிழமை பஸ் ஏத்திவிட நான் வரணுமா?"

அவர் கேட்டுவிட்டு நின்றார். வாங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கட்டும், ஜன்னலுக்குக் கீழே நிற்கட்டும், அதில் என்ன வந்துவிடப்போகிறது. அப்படிச் சொல்வது இரக்கம் போல இருக்கும். இரக்கம் காட்டுகிற இடத்தில் தான் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வேண்டாங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிட்டார். கவராயம், கத்தரிக்கோல், உப்புத்தாள், டபரா செட், கவிழ்த்த பாத்திரத்துக்குள் அவருடைய அடுப்பு, எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. எந்தக் காலத்திலும் எதையும் அவர் எடுத்து வைத்ததில்லை, அவள்தான் பின்னாலேயே போய் எடுத்து வைப்பாள். படிக்கட்டு வரை போனவர் நின்றார். திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, அவள் நாற்காலிக் காலடியிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டார். மூடி இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு அதை அவளுக்கு எட்டாத பக்கத்துக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.